மூன்று பக்கமும் கரை

'வளைகுடாக்களின் முக்கியத்துவம் ஐந்தினைக் குறிப்பிடுக.' பத்துப் புள்ளிக் கேள்வி. முப்பத்தொரு வருஷத்தில் மஸூதா டீச்சர் அதற்கான விடைகளை எத்தனை ஆயிரம் தடவை திருத்தியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அலை குறைந்த நீர், ஆகவே துறைமுகம். ஆழம் குறைந்த நீர், ஆகவே மீனும் முத்தும். அடியில் எண்ணெய். வாய் ஒடுங்கியது, ஆகவே அந்த வாயைப் பிடித்தவன் கை ஓங்கும். ஐந்தாவதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கடல் நிலத்துக்குள் வெகுதூரம் நுழைவதால், கடலோரம் இல்லாத ஊர்களுக்கும் கடல் கிட்டத்தில் வந்துவிடுகிறது. அதை எழுதின பிள்ளையின் கொப்பியில் சிவப்புப் பேனையால் 'நன்று' என்று போடுவாள்.

பாடம் நடத்தும்போது இடது கையை மடித்து நெஞ்சோடு அணைத்துக் காட்டுவாள். "இது நிலம். இதுவும் நிலம். இந்தா, இதுவும் நிலம். நடுவுல இருக்கிறது வளைகுடா. மூணு பக்கமும் கரை. ஒரு பக்கம்தான் தெறந்திருக்கும்." பின்வரிசை வாங்கில் இருப்பவன் சிரித்தால் வலது கையில் அடிமட்டம் இருக்கும்.

அவள் ஒரு வளைகுடாவையும் பார்த்ததில்லை. பிறந்தது உக்குவளை ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள வீட்டில். படிப்பித்தது மாத்தளையில். கிட்டத்தில் இருப்பது மன்னார் வளைகுடா. யுத்த காலத்தில் பாதை இல்லை, பாதை திறந்தபோது முழங்கால் இல்லை. பாடசாலைச் சுற்றுலாவில் திருகோணமலைக்கு ஒரு தடவை போயிருந்தாள். அது விரிகுடா. அங்கே கணுக்கால் நனைய நின்று, பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்ததில் கடலைப் பார்க்கவில்லை.

உக்குவளையில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது வளைகுடாவில் இருந்தார்கள். கட்டார், குவைத், டுபாய். அவர்களுக்கு அது விமான நிலையமும் வேலைத்தளமும். அங்கே கடல் இருப்பதைப் பற்றி யாரும் வந்து சொன்னதில்லை. அவளுடைய ஒரே மகன் அன்ஸாப் மட்டும் அந்தத் தண்ணீருக்கே போனான்.

அவனுடைய வாப்பா மௌத்தாகும்போது அவன் எட்டாம் வகுப்பு. உயர்தரம் முடித்ததும் கொழும்பில் கப்பல் பயிற்சிக்குச் சேர்ந்தான். பக்கத்து வீட்டு றுஸைனா வேலிக்கு மேலால் கேட்டாள்: "ஏன் டீச்சர், ஒங்கட மகன் கப்பலை மாத்தளைக்கு ஓட்டிட்டு வாறதா ஒரு கதை, உண்மையா?"

"சுது கங்கைல கட்டி வைப்பான். நீங்க துணி காயப் போடலாம்" என்றாள் மஸூதா.

சுது கங்கையில்தான் அவன் நீந்தப் பழகினான். மழைக்காலத்தில் கலங்கி ஓடும்போதும் இக்கரையில் விழுந்து அக்கரையில் ஏறுவான். அதற்காக அவளிடம் அடி வாங்கியிருக்கிறான். பிற்பாடு, அடித்ததை நினைத்து அவள் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். அடித்தும் அவன் நீச்சலை விடவில்லையே என்று.

இருபத்தெட்டு வயதில் அவனுக்கு அலுவிகாரையிலிருந்து ஜெஸ்லாவை முடித்து வைத்தாள். கல்யாணமாகி நான்கு மாதத்தில் அவன் எண்ணெய்க் கப்பலில் ஏறினான். ஏறி ஏழாம் மாதம் முகவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பாரசீக வளைகுடாவில் கரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டரில் நங்கூரமிட்டிருந்த கப்பலில், மார்ச் பதினோராம் திகதி காலை எட்டு மணிக்கு ஆட்களை எண்ணியபோது அவரைக் காணவில்லை. தேடல் நடந்தது. பலன் இல்லை. வருந்துகிறோம்.

மஸூதா அழவில்லை. அலுமாரிக்கு மேலிருந்து பழைய தேசப்படத்தை இறக்கினாள். கவராயத்தை எடுத்தாள். மேசையில் விரித்து, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அளந்தாள். ஜெஸ்லா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"இங்க வா மகள். இதப் பாரு. இந்த வளைகுடா ஆக அகலமான இடத்துல முந்நூத்தி நாப்பது கிலோமீட்டர். அப்ப எந்த இடத்துல விழுந்தாலும் ஏதோ ஒரு கரை நூத்தி எழுபதுக்குள்ள. கப்பல் நங்கூரம் போட்டிருந்தது கரைக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர்ல. மாத்தளையில இருந்து நாலந்தா போற தூரம்."

"நீந்த ஏலுமா மாமி?"

"முழுக்க நீந்தத் தேவல்ல. அங்க வெயில் கூட, ஆத்துத் தண்ணி வந்து சேர்றது கொறவு. ஆவியாப் போய்ப் போய் உப்பு கூடும். உப்புத் தண்ணி ஆளைத் தூக்கிப் பிடிக்கும். ஆழமும் இல்ல, அலையும் இல்ல. மீன்பிடித் தோணி எப்பவும் நிக்கும். ஆரோ தூக்கியிருக்காங்க. கடதாசி ஒன்னும் கையில இல்லாத ஆள். எந்த நாட்டுக் கரையில எறக்கினாங்களோ, எந்த மறியல்ல அடைச்சு வச்சிருக்காங்களோ."

சொல்லச் சொல்ல அது தெளிவாக வந்தது. எத்தனையோ வகுப்புகளில் சொன்னவைதான். ஒவ்வொன்றும் சரியான விடை. திறந்த சமுத்திரத்தில் விழுந்திருந்தால் அவளும் அன்றே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இது வளைகுடா.

ஊர் அவளை நம்பியது. நம்பாமல் இருக்க அதற்கு வழி இல்லை. பள்ளிவாசல் நிர்வாக சபையில் ஏழு பேர். ஐந்து பேர் அவளிடம் புவியியல் படித்தவர்கள். பேஷ் இமாம் ஸக்கரியா மௌலவியும் அவளுடைய மாணவன். உடல் கிடைக்காதவருக்குத் தொழுகிற ஜனாஸாத் தொழுகையைப் பற்றி அவர் பேச வந்தபோது அவள் தேசப்படத்தை விரித்தாள். அவர் குனிந்து, தாடியைப் பிடித்துக்கொண்டு, கவராயத்தின் இரண்டு முனைகளையும் பார்த்தார்.

"மூணு பக்கமும் கரைதானே டீச்சர்" என்றார்.

"நான் வேறென்ன சொல்லித் தந்தேன்?"

பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு துஆ கேட்கும்போது பெயர்கள் வாசிப்பார்கள். நோயாளிகள் முதலில், பிறகு பயணத்தில் இருப்பவர்கள், கடைசியாக மௌத்தானவர்கள். அன்ஸாபின் பெயர் பயணத்தில் இருப்பவர்களோடு வாசிக்கப்பட்டது. சந்திக் கடையில் யாராவது வெளியூர் ஆள் தலையை ஆட்டினால், கடைக்காரர் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சொல்வார்: "தொரை, அது வளைகுடா. டீச்சர் கையால அடி வாங்கினவன் எவனும் அத மறக்க மாட்டான்."

அந்த இடத்துக்குக் கிட்ட இருந்த மூன்று நாடுகளின் தூதரகங்களுக்கும் எழுதினாள். இரண்டு பதில் வந்தது. அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை. மூன்றாவது நாட்டிலிருந்து பதிலே வரவில்லை. அங்கேதான் இருக்கிறான் என்று முடிவு செய்தாள்.

ஒரு வருஷம் போனது. இன்னும் இரண்டு மாதம் போனது. அலுவிகாரையிலிருந்து ஜெஸ்லாவின் வாப்பா நிஸ்தார் வந்தார். மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கிறவர். சட்டையில் எப்போதும் அந்த வாசம். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"டீச்சர், நான் ஒங்கள விடக் கொறையப் படிச்சவன். ஒன்னு கேக்கிறேன், கோவிக்காதீங்க. என்ட மகளுக்கு இருபத்தஞ்சு வயசு. அவள நான் என்னன்னு சொல்ற?"

"மருமகன் வெளிநாட்டுலன்னு சொல்லுங்க."

"வெளிநாட்டுல எங்கன்னு கேக்கிறாங்களே."

"விசாரிச்சிட்டு இருக்கிறோம்னு சொல்லுங்க."

"நீங்க ஒரு வார்த்த சொன்னா மௌலவி தொழுவிப்பாரு. அவள் இத்தா இருந்து துக்க நாள முடிச்சா, அவளுக்கு ஒரு வழி பொறக்கும். நீங்க சொல்லாம அவரும் செய்ய மாட்டாரு, இவளும் வர மாட்டாள். ஊரே ஒங்கட வாயப் பாத்துட்டு நிக்குது."

"உசிரோட இருக்கிற பிள்ளைய மௌத்துன்னு சொல்லச் சொல்றீங்களா?"

நிஸ்தார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அன்று பின்னேரம் அரிசி பார்த்துக்கொண்டிருந்த ஜெஸ்லா, சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "மாமி, நான் மனுசன் உள்ளவளா, இல்லாதவளா?"

"உள்ளவ."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

ஜெஸ்லா ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அவளுக்கும் மஸூதாதான் பத்தாம் வகுப்பில் புவியியல் எடுத்தவள்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜெஸ்லா தையல் வகுப்புக்கு மாத்தளைக்குப் போயிருந்த நேரம், கேற்றைத் தட்டிக்கொண்டு ஒருவன் நின்றான். முப்பது வயதிருக்கும். கழுத்தில் சிறிய சிலுவை. பெயர் டிலக்ஷன் என்றான். ஊர் நாலந்தா. அன்ஸாபோடு அதே கப்பலில் வேலை செய்தவன். ஒப்பந்தம் முடிந்து இறங்கி மூன்று கிழமை.

மஸூதா கேற்றைத் திறந்தாள். அவனை உட்கார வைத்தாள். தேசப்படம் மேசையில்தான் கிடந்தது. "எந்த எடம்னு காட்டுங்க மகன்" என்றாள்.

அவன் அதைப் பார்க்கவில்லை. "டீச்சர், நான் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். எங்கிட்ட சொல்லி என்ன, அந்தத் தாய்கிட்ட போய்ச் சொல்லுன்னாரு."

"என்ன பாவம்?"

"எட்டு மணிக்கு எண்ணிப் பாத்துக் காணல்லன்னு எழுதினது பொய். ஆறரைக்கே தெரியும். எல்லாரும் பாத்தோம்."

பிறகு அவன் நிறுத்தாமல் சொன்னான். கப்பலைத் துறைக்குள் வழிகாட்டும் பைலட் ஏறுவதற்காகக் கயிற்று ஏணி இறக்கச் சொன்னார்கள். ஐந்து நிமிஷ வேலை என்று அன்ஸாப் மிதவைச் சட்டை போடவில்லை. கால் வழுக்கியது. வளையம் எறிந்தார்கள், ஒரு தோணி நீளம் தள்ளி விழுந்தது. மீட்புப் படகை இறக்கப் போனார்கள். அதைத் தொங்கவிடும் இரும்பு துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலால் அடித்தார்கள். படகு தண்ணீரைத் தொட நாற்பது நிமிஷம்.

"அந்தப் படகுக்காகத்தான் கப்டன் அப்படி எழுதச் சொன்னாரு. எல்லாரும் கையெழுத்து வச்சோம். நானும்தான். வேல போயிரும்னு பயம்."

"அவனுக்கு நல்லா நீந்தத் தெரியும்" என்றாள் மஸூதா.

"நல்லாத்தான் நீந்தினான் டீச்சர். அதுதான் பாத்துட்டு நிக்க ஏலாமப் போச்சு. கப்பலப் பாத்து நீந்தினான். மேல பாத்தா கொளம் மாதிரிக் கெடக்கும் தண்ணி. கீழ இழுக்கும். ஆழம் இல்லாத எடத்துல தண்ணி வத்துற நேரம் நீரோட்டம் ரொம்ப வேகமா ஓடும். அவன் இருபது நிமிஷம் எங்களப் பாத்து நீந்தினான், ஒவ்வொரு நிமிஷமும் தூரமாத்தான் போனான்."

"கரைப் பக்கமா இழுத்துச்சா?"

அவன் அவளைப் பார்த்தான். "எந்தக் கரை?"

"மூணு பக்கமும்..." என்று தொடங்கினாள்.

"டீச்சர், அங்க நின்னு பாத்தா ஒரு பக்கமும் கரை இல்ல. நான் அந்தக் குடாவுல ரெண்டு வருஷம் இருந்தேன். கப்பல் தட்டுல இருந்து கரை தெரிஞ்ச நாள் கையில எண்ணலாம். அன்னைக்குத் தூசிக் காத்து. ஆகாசமும் தண்ணியும் ஒரே கலர். தண்ணில இருக்கிறவனுக்குக் கப்பல விட்டா வேற எதுவும் கண்ணுல படாது."

"தோணி..."

"ஒன்னும் இல்ல. எண்ணெய்க் கப்பல் நங்கூரம் போடுற எடத்துல தோணிய வர விடமாட்டாங்க." அவன் குரல் இறங்கியது. "கடைசியா நான்தான் பாத்தேன். முகம் தண்ணிக்குள்ள போச்சு. கை ஒருக்கா மேல வந்துச்சு. பெறகு வரல்ல. நான் அந்த எடத்தையே பாத்துட்டு இருந்தேன் டீச்சர். கண்ண எடுக்கல்ல. வரல்ல."

மஸூதா மேசையின் ஓரத்தைப் பிடித்தாள். உப்பு கூடிய நீர், மூழ்க விடாது என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. உப்பு கூடித்தான் இருந்தது. ஆழம் குறைந்துதான் இருந்தது. அவள் ஒன்றையும் பிழையாகச் சொல்லவில்லை.

அவன் எழுந்து, காலில் விழுவதா வேண்டாமா என்று தெரியாதவனாக நின்றான். "வீட்ல வேற ஆருக்கும் நான் சொல்லணுமா?"

"வேணாம். நான் சொல்லிக்கிறேன்."

ஜெஸ்லா நாலரை பஸ்ஸில் வந்தாள். வகுப்பில் வெட்டின துணியைக் காட்டினாள். மஸூதா தைத்த ஓரத்தைப் பார்த்து நல்லாயிருக்கிறது என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமையும் சொல்லவில்லை. இடையில் ஒரு நினைப்பு வந்து அவளுக்குள் உட்கார்ந்துகொண்டது. தனக்கும் நாலந்தாவில் ஒருவனுக்கும் மட்டும்தான் தெரியும். தான் வாயைத் திறக்காத வரை இந்த வீட்டில் இரண்டு பேர். அந்த நினைப்பை அவள் நன்றாகப் பார்த்தாள். பதினைந்து மாதமாகத் தான் செய்ததும் இதுதானோ என்று ஒரு சந்தேகம் வந்தது. ஜெஸ்லா அன்று தூதரகத்துக்கு இன்னொரு கடிதம் எழுத முகவரி கேட்டாள். மஸூதா முகவரியைச் சொன்னாள். எழுத்துப் பிழை திருத்தியும் கொடுத்தாள்.

வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் காரியாலயத்துக்குப் போனாள். போகும் வழியெல்லாம் மனதில் ஒரு ஒழுங்கு செய்துகொண்டாள். ஜெஸ்லா நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பாள். வெள்ளை உடுத்து, உள் அறையில். அறையைத் துப்புரவாக்கிக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டைத் தானே எடுத்துக் கொடுப்பாள். பகலில் இரண்டு பேரும் சேர்ந்து ஓதலாம், அழலாம். ஒக்டோபர் கடைசி வரை போகும். அதற்குப் பிறகுதான் நிஸ்தார் வருவார். அவ்வளவு நாள் கிடைத்தால் மஸூதாவுக்குப் போதும்.

ஸக்கரியா மௌலவி எழுந்து நின்றார். டீச்சர் வந்தால் இப்போதும் அப்படித்தான்.

"பயணத்தில இருக்கிறவங்கட பட்டியல்ல இருந்து பேர எடுத்திருங்க" என்றாள். டிலக்ஷன் சொன்னதைச் சொன்னாள். குரல் பிசகவில்லை.

அவர் இன்னாலில்லாஹி சொன்னார். பிறகு, "நாளைக்கு ஜும்ஆவுக்குப் பிறகு தொழுவிப்போம் டீச்சர்" என்றார்.

"ஜெஸ்லா நாளைக்கே இத்தா உக்காரட்டும்."

மௌலவி விரல்களை மடித்தார். ஒரு தடவை எண்ணி, மறுபடியும் எண்ணினார். "மார்ச் பதினொன்னு. போன வருஷம்."

"ஓம்."

"இத்தா முடிஞ்சிருச்சி டீச்சர்."

"இன்னும் தொடங்கவே இல்லையே."

"தெரிய வந்த நாள் கணக்கில்ல. மௌத்தான நாள்ல இருந்துதான் ஓடும். கண்ணால கண்ட ஆள் இருக்கு, நாளும் நேரமும் இருக்கு. நாலு மாசம் பத்து நாள் போன வருஷம் ஜூலையிலயே முடிஞ்சிருச்சி. அந்தப் பிள்ள இப்ப ஒன்னும் செய்யத் தேவல்ல."

"ஒன்னுமே இல்லையா?"

"இல்ல டீச்சர்."

அவள் எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "உம்மாவுக்கு எத்தன நாள்?"

அவர் நிலத்தைப் பார்த்துச் சொன்னார்: "மூணு நாள்."

அந்த மூன்று துக்க நாளும் மார்ச் பதினான்கோடு முடிந்திருந்தன. முகவரின் கடிதம் அப்போது தபாலில் சேர்க்கப்பட்டிருக்கக்கூட இல்லை. அந்த மூன்று நாளில் ஒரு நாள் மஸூதா றுஸைனா வீட்டில் பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போய், சிரித்துப் பேசிவிட்டு வந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஜெஸ்லாவை உட்கார வைத்துச் சொன்னாள். படகைப் பற்றி, கையைப் பற்றி, எல்லாவற்றையும். கணக்கைப் பற்றியும். செவ்வாய்க்கிழமையே தெரியும் என்பதையும்.

ஜெஸ்லா கத்தவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் அவருக்காக ஒரு நாள் கூட இத்தா இருக்கல்லையா மாமி?"

மஸூதா அவளுடைய கைகளைப் பார்த்தாள்.

"போன வருஷம் ஜூன்ல சாச்சிட மகளுக்குக் கல்யாணம். அக்குறணைல. நான் வரல்லன்னேன். நீங்கதான் போகச் சொன்னீங்க."

"ஓம்."

"மருதோண்டி அரைச்சு நீங்களே வச்சு விட்டீங்க. மனுசன் உசிரோட இருக்கிறவ வெறுங்கையோட போனா நல்லமில்லன்னு." அவள் கையை மடித்துக்கொண்டாள். "நல்லாச் செவந்திருந்துச்சு. எல்லாரும் சொன்னாங்க. நான் சிரிச்சேன் மாமி. இத்தாவுக்குள்ள."

"தெரியாமச் செஞ்சது குத்தமில்ல மகள். மௌலவி சொன்னாரு."

"நீங்க தெரியும்னு சொன்னீங்களே" என்றாள் ஜெஸ்லா.

வெள்ளிக்கிழமை தொழுகை நடந்தது. பெண்கள் போவதில்லை, ஒலிபெருக்கியில் நான்கு தக்பீரும் கேட்டன. குனியும் ருகூஉ இல்லாத, நெற்றி தரையில் படும் ஸுஜூத் இல்லாத தொழுகை, சட்டென்று முடிந்துவிட்டது. பிறகு ஆண்கள் வரிசையாக வந்து, முற்றத்தில் நின்று ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் வளைகுடா என்ற சொல்லை எடுக்கவில்லை. சந்திக் கடைக்காரர் மட்டும் கொஞ்சம் பின்தங்கி நின்றார். "நீங்க சொன்னதால எங்களுக்கு அப்ப மனசு லேசா இருந்துச்சு டீச்சர்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அவர் நன்றியாகத்தான் சொன்னார்.

ஞாயிறு காலை நிஸ்தார் முச்சக்கர வண்டியில் வந்தார். ஜெஸ்லாவின் இரண்டு பெட்டிகளையும் தையல் பையையும் அவரே தூக்கி வைத்தார். அவருக்கு மஸூதாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அலுவிகாரை கிட்டத்தில்தானே டீச்சர்" என்று வண்டியின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஜெஸ்லா கையைக் கொடுத்து முஸாபஹா செய்தாள். எப்போதும் செய்வதுபோல அந்தக் கையை முத்தமிட்டாள். ஏறி உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்தாள்.

வண்டி கிளம்பவில்லை. நிஸ்தார் சாவியை இரண்டு தடவை திருப்பினார். மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்தது.

ஜெஸ்லா தலையை வெளியே நீட்டினாள். "மாமி, வெயில். உள்ளுக்குப் போங்க."

மஸூதா தலையாட்டினாள். வண்டி ரயில் கடவையைத் தாண்டி, கண்டி வீதியில் ஏறி, மாத்தளைப் பக்கம் திரும்பியது. அவள் அங்கேயே நின்றாள். உள்ளே போய்ச் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தாள்.